வீட்டிலேயே பயிற்சியும் சத்துணவும்: நம்ம லயத்துப் பெரியவர்கள் இடையில் விடாமல் தொடரச் செய்வது எப்படி?

சங்குச்சத்தம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளில், அதாவது லயங்களில், முதியோர் சங்க வேலை செய்பவர்களுக்கும் வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைத் தொடங்குகிறேன். கிளினிக்கில் பயிற்சிப் படம் போட்ட தாள் கொடுக்கிறார்கள், “நல்லா சாப்பிடுங்க” என்கிறார்கள். முதல் வாரம் நடக்கிறது. மூன்றாம் வாரம் தாள் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும்.

பெரியவர்கள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நாற்பது வருஷம் மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள். கொடுக்கிற திட்டம் லயத்து வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பதுதான் என் எண்ணம். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு காம்பரா (அறை), ஒரு குசினி (சமையலறை), ஒரு இஸ்தோப்பு (முன்திண்ணை). வெளியே சரிவு, மழை, வழுக்கல்.

72 வயது, 45 கிலோ எடை, கம்பு ஊன்றி மெதுவாக நடக்கிற ஒரு அம்மாவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எத்தனை பயிற்சி, எத்தனை தடவை, என்ன சாப்பாடு, எவ்வளவு? விட்டுப்போனால் எப்படித் திரும்பத் தொடங்குவது? தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்கள்.

பச்சைமலை (இயன்மருத்துவர்)

நல்ல கேள்வி அண்ணா. முதலில் அவருக்கு வயது மட்டும்தானா, நலிவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2001இல் அமெரிக்காவில் வகுத்த ஐந்து அறிகுறிகளை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு வருஷத்தில் தானாக எடை குறைவது (4.5 கிலோ அல்லது மொத்த எடையில் 5 சதவீதம்), எப்போதும் களைப்பு, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. அந்த முந்தைய நிலையில் பிடித்தால் வேலை பாதி சுலபம்.

தராசும் கருவியும் இல்லாவிட்டால் இரண்டு சோதனை போதும்.

இஸ்தோப்பில் 4 மீட்டர் அளந்து சாக்கட்டியால் இரண்டு கோடு போடுங்கள். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லிக் கைபேசியில் நேரம் பாருங்கள். 5 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் நடை மெதுவாகிவிட்டது. அடுத்து, கைகளை நெஞ்சில் மடக்கிக்கொண்டு கதிரையில் இருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஆசிய நாடுகளுக்கு 2019இல் வகுத்த எல்லைப்படி 12 செக்கனைத் தொட்டாலே உடலின் செயல்திறன் குறைவு என்று எடுக்கலாம். ஒரு தடவைகூட எழ முடியாவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து ஒரு தடவை எழுந்தால் அது பெரிய முன்னேற்றம்.

பயிற்சித்தாளில் பன்னிரண்டு படம் இருப்பதுதான் முதல் தவறு. முதல் இரண்டு வாரத்துக்கு மூன்று போதும்.

ஒன்று, கதிரையில் இருந்து எழுந்து உட்காருவது, 5 தடவை. சற்று ஓய்வெடுத்து இன்னொரு 5. எழும்போது மூக்கு கால்விரலுக்கு மேலே வருமளவு முன்னால் சாய வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். பலம் ஏறுவதில் அந்த இறக்கத்துக்கும் பங்கு உண்டு.

இரண்டு, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குவது, 10 தடவை.

மூன்று, ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தைக் குதிகாலும் விரலும் தொடும்படி வைத்து 10 செக்கன் நிற்பது. முடியாதவருக்கு அரைப்பாதம் முன்னால் வைத்தால் போதும். கை எட்டும் தூரத்தில் சுவர் இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. மூச்சைப் பிடித்துத் தம் கட்டினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

கதிரை பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை சீமெந்துத் தரையில் பின்னால் வழுக்கும், பழையதென்றால் கால் விரியும். சுவரோடு சேர்த்து, முடிந்தால் மூலையில், போடுங்கள். பலகையும் முக்காலியும் மிகத் தாழ்வு. இருக்கை 43 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் நல்லது. அந்த உயரத்திலும் எழ முடியாவிட்டால் கம்பளியை மடித்துப் போட்டு உயர்த்துங்கள், பலம் வர வர ஒவ்வொரு மடிப்பாக எடுங்கள். கையில்லாக் கதிரையைவிடக் கையுள்ளதுதான் தொடக்கத்துக்குப் பாதுகாப்பு.

பலப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. சமநிலைப் பயிற்சியைத் தினமும் செய்யலாம்.

மருந்துக்காம்பரா

தோட்டத்து டிஸ்பென்சரிப் பக்கம் இருந்து சில வார்த்தை. தொடங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

ஓய்வாக இருக்கும்போதே அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள். புதிதாக வந்த நெஞ்சுவலி, படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், அண்மையில் மயங்கி விழுந்தது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி. பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ பேச்சுக் குழறினாலோ 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும். மேல்லயத்துக்கு வண்டி ஏறாத தோட்டங்களில் எந்தச் சந்தியில் காத்திருப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சீனிவியாதிக்குக் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே 3 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்களில் பலருக்கு எழுந்ததும் தலை சுற்றும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் மருந்தை மீளப் பார்க்கச் சொல்ல வேண்டும். “தலை சுத்துது, பயிற்சி வேணாம்” என்று நிறுத்தியவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் குளிசைதான்.

எல்லோரும் முதலில் ஈசிஜி (இதயத்துடிப்புப் பரிசோதனை) எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பச்சைமலை

@மருந்துக்காம்பரா, கடைசி வரியோடு மட்டும் உடன்படவில்லை சேர். நீங்கள் சொன்ன அடையாளங்கள் இருப்பவர் கட்டாயம் காட்டட்டும். ஆனால் கதிரையில் இருந்து ஐந்து தடவை எழுவது அவர் மலசலகூடம் போய்வரும்போது எப்படியும் செய்கிற காரியம்தான். ஈசிஜிக்காகப் பஸ் ஏறி அரை நாள் காத்திருக்க வேண்டும் என்றால் அந்த வாசலிலேயே பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதில் உள்ள ஆபத்தையும் கணக்கில் எடுங்கள். 10 நாள் படுத்த படுக்கையாக இருந்த நல்ல ஆரோக்கியமான முதியவர்கள் கால்களில் இருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை இழந்ததை அளந்திருக்கிறார்கள்.

சத்துக்கணக்கு (உணவியல்)

சாப்பாட்டுக்கு வருகிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு 1994இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வு போதும். முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேர், சராசரி வயது 87. பாரம் வைத்துப் பயிற்சி செய்தவர்களின் கால் பலம் 10 வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் ஏறவில்லை. ஆகவே சத்துமாவு டின்னை மட்டும் வாங்கிக் கொடுத்தால் கால் பலப்படாது. மறுபுறம், பட்டினியோடு பயிற்சி செய்தால் உடம்பு தன் தசையையே எரிக்கும்.

முதியவருக்குப் புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம். நோயோ மெலிவோ இருந்தால் 1.5 வரை போகலாம். 45 கிலோ அம்மாவுக்கு 1.2 என்று வைத்தால் 54 கிராம்.

வழக்கமாக என்ன கிடைக்கிறது? காலையில் இரண்டு கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயத்தேநீர். பகல் சோறு, தண்ணியாகப் பருப்பு, ஒரு மரக்கறி. இரவு மீண்டும் ரொட்டி. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 30 கிராம். வயிறு நிறைகிறது, தசைக்குப் போதவில்லை.

இப்படி மாற்றலாம்:

காலை: 100 கிராம் மாவில் இரண்டு ரொட்டி (10), ஒரு முட்டை (6), மட்டமாக 3 மேசைக்கரண்டி, அதாவது 25 கிராம் அளவு பால்மா கரைத்த தேநீர் (6).
பத்து மணி: 30 கிராம் கடலை அல்லது கௌபி (காராமணி), ஊறவைத்து அவித்தது (6).
பகல்: 75 கிராம் அரிசிச் சோறு (5), 40 கிராம் மைசூர்ப் பருப்பு கெட்டியாக (9), 10 கிராம் காய்ந்த நெத்தலி (6).
இரவு: ஒரு ரொட்டி (5), 15 கிராம் சோயாமீட் (7).

மொத்தம் 60. இதில் டின் ஒன்றும் இல்லை. அளவுகள் எல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை. கிராம் கணக்கு வீட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள், ஆகையால் ஒரு தடவை கடைத்தராசில் நிறுத்து, அந்த அளவு எந்தக் கோப்பையில் எதுவரை வருகிறது என்று பேனையால் கோடு போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு கோடுதான் கணக்கு.

மிக முக்கியமான மாற்றம் காலைச் சாப்பாடு. புரதத்தை எல்லாம் பகலில் கொட்டுவதைவிட மூன்று வேளைக்கும் பரப்பினால் தசைக்கு நல்லது. ரொட்டியும் சம்பலும் மட்டும் இருக்கும் காலை வேளையில் ஒரு முட்டை சேர்ந்தாலே பாதிக் காரியம் முடிந்தது.

நெத்தலியில் உப்பு அதிகம். கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து இரண்டு தடவை அலசி ஊற்றிவிடுங்கள். பல்லில்லாதவருக்கு அலசிக் காயவைத்து, வறுத்து, பொடியாக்கிச் சோற்றில் பிசையலாம். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி என்று மச்சம் (அசைவம்) தொடாத நாட்களில் முட்டைக்கும் நெத்தலிக்கும் பதிலாக 30 கிராம் நிலக்கடலை (7), 30 கிராம் அவித்த பயறு (7). விரத நாளில் ஒரே வேளைதான் என்பவரிடம் சண்டை போடாதீர்கள். பால் விரதத்துக்கு ஆகும், அதைக் கெட்டியாகக் கொடுங்கள்.

எடை குறைந்துகொண்டே போகிறவருக்குப் பருப்பில் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் கூடுதலாக ஊற்றினால் 120 கலோரி ஏறும், சாப்பாட்டின் அளவு கூடாது. சிறிது சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும் பெரியவர்களுக்கு இதுதான் வழி.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீரக வருத்தம் இருப்பவருக்கு டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பது இதயத்துக்கே ஆபத்து. இரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று சரியும். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

மேல்கணக்கு மருமகள்

அக்கா, கணக்கு விளங்குது. ஆனா நீங்க சொன்ன முட்டையை மாமி சாப்பிடமாட்டாங்க. தட்டில வச்சா பேரனுக்கு ஊட்டிவிடுவாங்க. எத்தனை தடவை சொன்னாலும் “வளர்ற புள்ள தின்னட்டும், எனக்கு என்ன” என்கிறாங்க. எல்லா வீட்டுலயும் இதுதான் நடக்குது. இதுக்கு என்ன செய்ய?

சத்துக்கணக்கு

தங்கச்சி, இந்த இழையில் கேட்டவற்றில் இதுதான் மையமான கேள்வி. மலையகத்தில் பெரியவரின் சத்துணவுத் திட்டம் உடைவது பெரும்பாலும் இந்தத் தட்டில்தான். பணமும் ஒரு காரணம், ஆனால் இருக்கிற முட்டையே கைமாறிவிடுகிறது.

அவருடைய அன்போடு போட்டி போடக்கூடாது, தோற்றுவிடுவீர்கள். நேரத்தை மாற்றுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, எட்டரை மணியில் இருந்து பத்து மணிக்குள், அவருடைய முக்கியமான புரதம் அவர் வாய்க்குள் போக வேண்டும். முட்டையை அப்படியே கொடுக்காமல் கஞ்சியில் உடைத்து ஊற்றிக் கிளறிவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. நெத்தலிப் பொடியும் அப்படித்தான். பிள்ளைக்குப் பிடிக்காத வடிவத்தில் கொடுப்பது ஒரு வழி: வல்லாரை சேர்த்த பருப்புக் கஞ்சியைப் பேரன் கேட்கமாட்டான்.

முடிந்த வீட்டில் இரண்டு முட்டை அவித்து, “அவனுடையதை அவனுக்குக் கொடுத்தாச்சு, இது உங்களது” என்று பேரன் சாப்பிட்ட பின் காட்டிக் கொடுங்கள். அவன் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர் மனம் ஆறும். நான்கு கோழி வளர்க்க இடமிருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி போய்விடும்.

இன்னொன்று: பேரனைத் தூக்குவதற்குக் கைகால் பலம் வேண்டும் என்று சொல்லுங்கள். “உங்க உடம்புக்கு நல்லது” என்றால் கேட்காதவர்கள் இதைக் கேட்பார்கள். பொய்யும் இல்லை.

சங்குச்சத்தம்

டின்னில் வரும் மோல்ட் சத்துமாவுப் பானங்கள் பற்றி யாராவது சொல்லுங்கள். பென்சன் காசு, அஸ்வெசும (அரசு நிவாரண) காசு வந்ததும் முதலில் வாங்குவது அதுதான்.

சத்துக்கணக்கு

அதில் பெரும்பங்கு மாச்சத்தும் சீனியும். பாலில் கரைத்துக் குடித்தால் கிடைக்கும் புரதம் பெரும்பாலும் பாலுடையது. அதே காசுக்கு முட்டையும் பருப்பும் கூடுதலாக வரும். ஆனால் வேறெதுவும் இறங்காத நாட்களில், காய்ச்சலில் கிடப்பவருக்கு, பாலோடு கொடுக்கலாம். சீனிவியாதிக்காரருக்கு வேண்டாம். பலத்துக்கென்று விற்கிற டொனிக் போத்தல்களும் முட்டைக்கு ஈடில்லை.

சாயத்தேநீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும், சாப்பாட்டுக்கு முன் குடித்தால் பசியையும் அடக்கும். தேநீரை விடச் சொல்லி நம்ம ஆட்களிடம் பேசிப் பயனில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

ஊவா தாதி

எல்லோரும் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி நிலைக்கவைப்பது என்பதை நான் எழுதுகிறேன்.

“காலையில ஒரு அரைமணி நேரம் செய்யுங்க” என்று சொன்னால் அது நடக்காது. லயத்துக் காலையில் அப்படி ஓர் அரைமணி கிடையாது. ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். சாப்பிட உட்காருமுன் ஐந்து தடவை எழுந்து உட்காருவது. தேநீர்த் தண்ணீர் கொதிக்கும்வரை குதிகால் தூக்குவது. சாமிவிளக்கு ஏற்றியதும் பாதம் ஒட்டி நிற்பது. சாப்பாட்டோடு கட்டினால் ஒரு நாளைக்கு மூன்று தடவை வாய்ப்பு வருகிறது, ஒன்று தவறினாலும் இரண்டு மிஞ்சும். பச்சைமலை ஓய்வு நாள் சொன்னார், அது பாரம் கட்டிச் செய்யும் நாட்களுக்கு. வெறும் உடம்போடு இப்படிச் சிதறிச் செய்வதைத் தினமும் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் இப்படி அன்றாட வேலைக்குள் பயிற்சியைப் புகுத்திப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் விழுவது 31 சதவீதம் குறைந்தது.

ஒன்று கவனியுங்கள்: விறகடுப்புப் புகைக்குள் நின்று செய்யவேண்டாம். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்கு அது கெடுதல். குசினி வாசலுக்கு வெளியே வரட்டும்.

இலக்கு அவர் வாயில் இருந்து வர வேண்டும். “உங்களால முன்னே முடிஞ்சு இப்ப முடியாம போனது எது?” என்று கேளுங்கள். கோயில் படி ஏறுவது, பீலிக்கு (பொதுத் தண்ணீர்க் குழாய்க்கு) தானே போய்க் குளிப்பது, இரவில் துணையில்லாமல் மலசலகூடம் போவது என்று சொல்வார்கள். அதை எண்ணாக மாற்றுங்கள். கோயிலுக்கு 22 படி என்றால், இன்று வாசற்படியில் 4 தடவை ஏறி இறங்குவார், அடுத்த வாரம் 6. தேர்த் திருவிழாவுக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

குறிப்பு வைக்காமல் தொடராது. எழுதப்படிக்கத் தெரிந்தவர் நாட்காட்டியில் கோடு போடட்டும்: செய்தால் முழுக்கோடு, பாதி செய்தால் அரைக்கோடு. தெரியாதவருக்கு இரண்டு சிரட்டையும் ஒரு பிடி கௌபியும் போதும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கொட்டையை இந்தச் சிரட்டையில் இருந்து அந்தச் சிரட்டைக்கு மாற்றுவார். முட்டைக்கும் ஒரு கொட்டை போடச் சொல்லுங்கள், பயிற்சியும் சாப்பாடும் ஒரே கணக்கில் வரும். மாலையில் வருகிற யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும். யாரும் எண்ணாத கணக்கு பத்து நாளில் நின்றுவிடும்.

எண்ணிப் பார்ப்பவர் மருமகளாக இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே சாப்பாடு, மருந்து, குளிப்பு எல்லாம் அவர் தலையில். இதையும் கேட்டால் அது அதட்டலாகக் காதில் விழும், இரண்டு பேருக்கும் மனக்கசப்பு வரும். பேரப்பிள்ளைகள் இதை விரும்பிச் செய்வார்கள். கொழும்பில் வேலைக்குப் போன மகன் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், “செஞ்சீங்களா?” என்று கேட்காமல் “இந்த வாரம் எத்தனை கொட்டை?” என்று கேட்கட்டும். முதல் கேள்விக்கு எல்லோரும் “ஆமா” என்றுதான் சொல்வார்கள்.

சங்கத்தில் இருந்து போய்ப் பார்ப்பது என்றால் 1, 2, 4, 8ஆம் வாரம் நேரில் போங்கள், பார்க்காத மாதங்களில் தொலைபேசி, 6 மாதத்தில் இன்னொரு தடவை. நியூசிலாந்தின் ஒட்டாகோ திட்டம் இந்த ஒழுங்கில்தான் போகிறது. வீடுகளில் வாழும் முதியவர்கள் விழுவதை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்த திட்டம் அது. ஒவ்வொரு தடவையும் 4 மீட்டர் நடையையும் ஐந்து எழும்பலையும் அளந்து பழைய எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள். 19 செக்கன் 16 ஆனதைக் கேட்கும் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மேல்கணக்கு மருமகள்

தாதி அக்கா, மருமகள் எண்ணக்கூடாதுன்னு எழுதினதுக்கு ரொம்ப நன்றி.

வெத்தலை போடுறவங்களுக்கு வாய் வெந்துபோய் ஒண்ணும் மெல்ல முடியல. அதுக்கும் மழை நாளைக்கும் வழி சொல்லுங்க. மாதக்கணக்கா வெளிய இறங்க முடியாது எங்க பக்கம்.

ஊவா தாதி

வாய்க்கு: காரம் இல்லாமல், ஆறவைத்து, மசித்துக் கொடுங்கள். பருப்பு, முட்டை போட்ட கஞ்சி, தயிர்ச்சோறு, மசித்த உருளைக்கிழங்கில் பால்மா. சுண்ணாம்பும் புகையிலையும் முதலில் நிற்க வேண்டும். ஆறாத புண், வெள்ளைத்திட்டு, வாய் முன்போலத் திறக்காமல் போவது இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் பல் கிளினிக்கில் காட்டுங்கள். அது புற்றுநோயின் முன்நிலையாக இருக்கலாம்.

பச்சைமலை

மழைக்கு: ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் இருந்து பெப்ரவரி வரை என்று முன்கூட்டியே தெரிந்த மழை இது. ஆகவே மழைக்காலத் திட்டத்தை வெயில் காலத்திலேயே பழக்கிவிடுங்கள். நடையை இஸ்தோப்புக்குள் கொண்டுவாருங்கள். 5 மீட்டர் இஸ்தோப்பு என்றால் 20 தடவை போய்வந்தால் 200 மீட்டர். முதலில் 5 தடவை போதும். சாரல் அடித்து ஈரமான சீமெந்தைச் சாக்கால் துடைத்துக் காயவிட்ட பிறகே நடக்க வேண்டும்.

தளர்ந்த றப்பர் செருப்பு விழுத்தும். காய்ந்த தரையில் வெறுங்கால் அதைவிடப் பாதுகாப்பு. ஆனால் சீனிவியாதியால் பாதம் மரத்தவர் குதிகாலை மூடும் சப்பாத்துதான் போட வேண்டும், கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நுவரெலியாப் பக்கம் விடியற்காலைக் குளிரில் மூட்டு இறுகியிருக்கும், பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் நாளில் வெளியே நடப்பவர்களுக்குச் சரிவு ஒரு கணக்கு. மேட்டு லயத்தில் இருப்பவர் முதலில் இறங்குகிறார், களைத்த பிறகு ஏற வேண்டியிருக்கிறது. அவர் போக நினைக்கும் தூரத்தில் பாதியில் திரும்ப வேண்டும். முழங்கால் நோ இறக்கத்தில்தான் கூடும், கம்பு அப்போதுதான் அதிகம் தேவை.

மூன்றாம் வாரத்தில் இருந்து பாரம். பழைய காற்சட்டைக் காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, சலித்துக் காயவைத்த மணல் அரைக்கிலோ போட்டு, நாடா வைத்துக் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள். மணலை நடுவில் ஒரு தையலால் இரண்டு அறையாகப் பிரித்தால் ஒரு பக்கம் சரியாது. கதிரையில் உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டி மூன்று எண்ணி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் 8 முதல் 10. பின் நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, அதே அளவு. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். 10 தடவை, இரண்டு சுற்று, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் சுலபமாக முடிந்தால் கால்கிலோ கூட்டுங்கள். இங்கே நிறையப் பேர் மாதக்கணக்கில் அதே அரைக்கிலோவோடு நின்றுவிடுகிறார்கள். பலம் ஏறாது, அவருக்கும் சலித்துவிடும்.

தசை இரண்டு நாள் வலிப்பது வழக்கம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் “செஞ்சதாலதான் வந்துச்சு” என்று நிறுத்திவிடுவார்கள். மூட்டு வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால், அல்லது மூட்டு வீங்கினால், பாரத்தைக் கழற்றித் தடவைகளைப் பாதியாக்குங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள்.

சங்குச்சத்தம்

கடைசியாக இரண்டு. காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுவிட்டால் அதோடு முடிந்துவிடுகிறது. மறதி நோய் உள்ளவர்களுக்கு என்ன செய்வது?

பச்சைமலை

விட்டுப்போகும் என்று முதல் நாளே சொல்லி, அப்போது என்ன செய்வது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். நான் கொடுக்கும் கணக்கு இது. ஒரு வாரத்துக்குள் என்றால் அதே பாரம், சுற்று மட்டும் ஒன்று. ஒன்று முதல் இரண்டு வாரம் என்றால் பாரமும் தடவையும் பாதி. அதற்கு மேல், அல்லது ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினால், முதல் மூன்று பயிற்சிக்கே போய், அளவைகளையும் மீண்டும் எடுங்கள். காய்ச்சல் நின்று ஒரு முழுநாள் கழிந்த பின்தான் தொடங்க வேண்டும். படுத்திருக்கும் நாட்களிலும் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலை மெத்தையில் அழுத்தி ஐந்து எண்ணுவது இரண்டையும் செய்யலாம்.

ஊவா தாதி

அந்த வாரத்தில் சாப்பாடும் விழுந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். முட்டைக் கஞ்சியை அரைக் கோப்பையாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை கொடுங்கள். சிரட்டைக் கணக்கை நிறுத்தவேண்டாம், பயிற்சி இல்லாத நாளில் சாப்பாட்டுக் கொட்டை மட்டும் போகட்டும். வெறும் சிரட்டையில் இருந்து தொடங்குவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் கணக்கில் திரும்பச் சேர்வது லேசு.

மறதி உள்ளவருக்கு விளக்கம் வேண்டாம். எதிரே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து நீங்கள் எழுந்தால் அவரும் எழுவார். ஒரு தடவையில் ஒரே சொல்: “எழும்புங்க.” தினமும் அதே இடம், அதே நேரம், அதே ஆள். தனியாக விட்டுச் செய்யச் சொல்லக்கூடாது. சாப்பாட்டில் ஒரே கறி, ஒரே தட்டு, கரண்டியை முதலில் கையில் கொடுங்கள்.

சாப்பாட்டிலும் எழும்புவதிலும் ஒரே நேரத்தில் மனம் விட்டுப்போனவரை, குறிப்பாகத் துணையை இழந்தவரை, பிடிவாதக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. கிளினிக்கில் சொல்லுங்கள்.

சங்குச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி. மூன்று பயிற்சியையும் சாப்பாட்டு அளவையும் படமாக வரைந்து ஒரே தாளில் போடப் போகிறோம். கௌபிக் கொட்டையை எலி தின்றுவிடும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார், புளியங்கொட்டை போடலாமா?

ஊவா தாதி

தாராளமாக. சின்னப்பிள்ளை உள்ள வீடென்றால் இரண்டுமே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். பெரிய சட்டைப் பொத்தான் பத்தை நூலில் கோத்து, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் தள்ளச் சொல்லுங்கள்.

மேல்கணக்கு மருமகள்

தாளை இந்த இழையிலயும் போடுங்க அண்ணா, தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவுக்கும் கொடுக்கிறோம்.